மெற்றில்டாவின் வழி வாய்க்கால்

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து நாலாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் கிடக்கும் ஒரு பாலைநிலத்தில், 1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இரண்டு மாட்டுப் பண்ணைக்காரருக்கு இடையில் சண்டை மூண்டது. அதற்குக் காரணம் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் குடியிருந்த குலசேகரம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். குலசேகரமே முதலில் நம்பவில்லை. அவர் அந்தப் பக்கம் போனதும் இல்லை, மாடு வளர்த்ததும் இல்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவர் கிட்டத்தில் பார்த்த மாடெல்லாம் பால் பெட்டியில் அச்சடித்த மாடுதான். ஆனால் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் வேலிச் சண்டை மூட்டுவதற்கு நேரில் போகவேண்டும் என்றில்லை. கையில் ஒரு மைப் பேனாவும், யாழ்ப்பாணத்தில் இருபத்தாறு வருடம் சேவையராக இருந்த அனுபவமும் போதும்.

சேவையர் என்றால் காணி அளப்பவர். வெள்ளைத் தொப்பியும் அளவுச் சங்கிலியுமாக அவர் ஒரு ஒழுங்கைக்குள் இறங்கினால், ஒழுங்கையின் இரண்டு பக்கத்தாரும் வேலிக்கு மேலால் எட்டிப்பார்ப்பார்கள். ஒரு பக்கத்தார் தேநீர் கொடுத்தால் மற்றப் பக்கத்தார் இளநீர் வெட்டுவார்கள். அப்படி இருந்த மனிதர் 1985இல் லண்டனுக்கு வந்து, மோர்டனில் ஒரு பெற்றோல் செட்டில், கண்ணாடிக் கூட்டுக்குள் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தார். இளநீர் கொடுக்க யாரும் வரவில்லை. "நாலாம் பம்ப்" என்பதுதான் அவரோடு மனிதர்கள் அதிகம் பேசிய வசனம்.

1991 ஜூன் தொடக்கத்தில் குரோய்டனில் ஒரு சின்னக் கம்பனி, பள்ளிக்கூடப் புவியியல் புத்தகங்களுக்குப் படம் வரைய ஆள் தேடியது. நேர்முகத்தில், கத்தரின் என்ற ஐம்பது வயதுப் பெண்மணி, "வறண்ட நிலங்களைப் பற்றி ஏதாவது தெரியுமா?" என்று கேட்டாள். "அம்மா, நான் பிறந்த இடத்தில் பெயருக்குக்கூட ஓர் ஆறு இல்லை" என்றார் குலசேகரம். கத்தரினுக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போயிற்று. மூன்று மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவது என்று முடிவாயிற்று. பெற்றோல் செட் முதலாளி ஆனந்தராஜா, "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அண்ணை, உங்கடை கதிரையை நான் ஆருக்கும் குடுக்கமாட்டன், சரிவராட்டி வாங்கோ" என்று சொல்லி அனுப்பினான். நல்ல மனதோடுதான் சொன்னான். அந்த நல்ல மனதைத்தான் குலசேகரத்தால் பொறுக்க முடியவில்லை. எது நடந்தாலும் திரும்ப அந்தக் கதிரையில் போய் உட்காருவதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்துக்கொண்டார்.

ஒன்றரை மாதம் எந்தக் குறையும் இல்லாமல் போனது. நைல் நதி வரைந்தார், நோர்வேயின் கரை வரைந்தார். நோர்வேயை வரைந்து முடிக்க ஐந்து நாள் எடுத்தது. அவ்வளவு வளைவும் நெளிவும். ஜூலை நடுப்பகுதியில்தான் 'உயரத்துப் பாலையில் தண்ணீரும் மாட்டுப் பண்ணைகளும்' என்ற இரட்டைப் பக்கம் அவருடைய மேசைக்கு வந்தது.

வேலை சிக்கலானது அல்ல. அமெரிக்காவிலிருந்து வந்த அளவைப் படத்தைப் பார்த்து, பிள்ளைகளுக்கு விளங்கும்படி எளிமையாகத் திரும்ப வரைய வேண்டும். கறுப்புக் கோடுகளுக்கு ஒரு பிளாஸ்டிக் தாள்; அதில் பாதை, வேலி, வீடு. தண்ணீருக்கு நீலம் என்று இன்னொரு தாள். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் படம். இல்லாததைச் சேர்க்கக் கூடாது, இருப்பதில் வேண்டாததை விடலாம். கம்பனியின் சட்டம் அவ்வளவுதான்.

குலசேகரம் முதலில் கத்தரின் எழுதிய பாடத்தை வாசித்தார். அந்தப் பாலைநிலத்தில் வருடத்துக்குப் பத்து அங்குல மழைதான். சாம்பல் நிறப் பற்றைகள், வெடித்த தரை, உப்புப் பூத்த பள்ளங்கள். அங்கே காணியின் பெறுமதி ஏக்கரில் இல்லை, தண்ணீரில் இருந்தது. வீடு எங்கே, றோட்டு எங்கே, மாடு எந்த மாதம் எங்கே மேயும் என்பதையெல்லாம் தண்ணீர்தான் தீர்மானித்தது. இதுவரைக்கும் குலசேகரத்துக்கு முழுச் சம்மதம். அடுத்த பந்தியில்தான் அவருக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கத்துச் சட்டப்படி யார் முதலில் வந்து தண்ணீரை எடுத்தாரோ அவருக்கே முதல் உரிமை. அவர் தேவைக்கு எடுத்து முடித்த பிறகு மிஞ்சினால் இரண்டாவதாக வந்தவருக்கு. மிஞ்சாவிட்டால் ஒன்றும் இல்லை.

"இது என்ன நியாயம்?" என்று வாய்விட்டே கேட்டார். சட்டம் புதியது என்று சொல்ல முடியாது. லண்டன் தமிழ்ச் சங்கங்களில் அறுபதுகளில் வந்த டாக்டர்மார் முன்வரிசைக் கதிரையில் இருக்க, எண்பத்தைந்தில் அகதியாக வந்தவர்கள் கதவடியில் நிற்பதும் இதே சட்டத்தின்படிதான். ஆனால் கதிரை வேறு, தண்ணீர் வேறு. யாழ்ப்பாணத்தில் ஒரு கிணற்றுக்கு ஆறு பங்குக்காரர் இருந்தால் ஆறு பேருக்கும் முறை வைத்துத் தண்ணீர். எந்தக் காணி உறுதியை எடுத்தாலும் கடைசியில் 'கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்' என்று எழுதியிருக்கும். உரித்து என்றால் உரிமை; பங்கு மட்டும் இருந்தால் போதாது. கிணற்றடிக்குப் போக வழி வேண்டும், தண்ணீர் வர வாய்க்கால் வேண்டும். இவை இரண்டையும் காட்டாமல் ஒரு சேவையர் படம் கீறிக் கொடுத்தால், உறுதி எழுதும் நொத்தாரிசு அதை மூக்கால் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்.

படத்தில் இரண்டு பண்ணைகள் இருந்தன. பெரியது ஹார்லன் என்பவருடையது. இருபதாயிரம் ஏக்கர், 1884ஆம் ஆண்டின் தண்ணீர் உரிமை. சின்னது மெற்றில்டா என்ற விதவையினுடையது. அறுபது மாடு, 1911ஆம் ஆண்டின் உரிமை. ஓர் ஓடை ஹார்லனின் நிலத்தைத் தாண்டித்தான் மெற்றில்டாவிடம் வரும்; ஜூலையில் அது காய்ந்துவிடும். ஹார்லனின் எல்லைக்குள் ஒரு மூலையில் வற்றாத ஊற்று ஒன்று இருந்தது. மெற்றில்டாவின் வேலியிலிருந்து இருநூறு யார், அதாவது அறுநூறு அடி தூரம். கோடையில் ஹார்லனின் மாடுகள் மலைக்குப் போய்விடுவதால் அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. வழிந்து ஓடி ஓர் உப்புப் பள்ளத்துக்குள் போய்ச் சாகிறது. அதைக்கூடப் பாடம் எழுதியவள் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டுச் சும்மா தாண்டிப் போயிருந்தாள்.

ஊற்று இருக்கிறது. மாடு இருக்கிறது. வழி எங்கே? குலசேகரம் பூதக்கண்ணாடியை எடுத்து அரை மணி நேரம் தேடினார். கிடைக்கவில்லை. கடைசியில், அமெரிக்கச் சேவையர் ஞாபக மறதியில் விட்டுவிட்டான் என்ற முடிவுக்கு வந்தார். பாவம், வெயிலுக்குள் நின்று அளந்திருப்பான். ஒரு சேவையர் விட்ட பிழையை இன்னொரு சேவையர் ஊருக்குச் சொல்லாமல் திருத்திவிடுவதுதான் தொழில் மரியாதை. கறுப்புத் தாளில், மெற்றில்டாவின் வேலியிலிருந்து ஊற்றடி வரை, அழகான ஒரு புள்ளிக்கோடு போட்டார்.

படங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு ஜம்புநாதனுடையது. கும்பகோணத்துக்காரர், அந்தக் கம்பனியில் பதினான்கு வருடம். காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் கறுப்புத் தாளையும் நீலத் தாளையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"பாதை போட்டிருக்கீங்க சார். தண்ணி என்ன, நடந்தா போகும்? வாய்க்கால் எங்க?"

"அமெரிக்கன்ரை படத்தில வாய்க்கால் இல்லை."

"பாதை இருந்துதா?"

குலசேகரம் பேனாவைத் துடைத்தார். ஜம்புநாதனுக்கு விளங்கிவிட்டது. விளங்கியவர் அந்தப் பாதையை அழிக்கச் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் அவருக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை. ஆனால் ஊற்றையும் புல்வெளியையும் பார்த்துவிட்டு நடுவில் வெறுமையாக விடுவதற்கு அவருடைய கையும் இடம்கொடுக்கவில்லை. உயரக் கோடுகளை எண்ணி, சரிவு பார்த்து, நீலத் தாளில் மெல்லிய வாய்க்கால் ஒன்றை அவரே இழுத்தார்.

"கடைமடை வரைக்கும் போகணும் சார். இல்லேன்னா போட்டு என்ன புண்ணியம்?" என்று சொல்லி அதை மெற்றில்டாவின் கடைசிப் புல்வெளி வரை கொண்டுபோய் விட்டார். பிறகு 'சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்துக்குள் கையெழுத்துப் போட்டார். இருவரும் மிகுந்த மனநிறைவோடு தேநீர் குடிக்கப் போனார்கள்.

கத்தரின் நல்ல பழக்கவழக்கம் உள்ள பெண். புகைப்படம் கொடுத்து உதவிய பண்ணைக்காரர் இருவருக்கும் வர்ணப் படத்தில் ஒவ்வொரு பிரதி அனுப்பி, 'பிழை இருந்தால் அறிவிக்கவும்' என்று எழுதினாள். ஓகஸ்ட் கடைசிப் புதன்கிழமை ஹார்லன் அறிவித்தார். மூன்று பக்க ஃபாக்ஸ். மூன்றாவது பக்கத்தில் கோபம் கூடி எழுத்து கட்டத்துக்கு வெளியே போயிருந்தது.

பதினொரு நாளுக்கு முன் மெற்றில்டா வேலியை வெட்டிவிட்டாளாம். காலையும் மாலையும் அறுபது மாடுகள் ஹார்லனின் ஊற்றடிக்கு வந்து போகின்றனவாம். இது என்ன அநியாயம் என்று ஆள் அனுப்பிக் கேட்டால், லண்டனிலிருந்து வந்த படத்தை எடுத்து நீட்டுகிறாளாம். பாதை அதில் இருக்கிறது, வாய்க்கால்கூட இருக்கிறது, லண்டன்காரருக்கு ஏதோ பழைய படம் கிடைத்திருக்கிறது, வாய்க்காலையும் வெட்டத்தான் போகிறேன் என்கிறாளாம். 'என் நிலத்தில் பாதை கொடுக்க லண்டனில் இருப்பவர்கள் யார்? அந்த விஷயத்தை நாங்கள் 1776லேயே பேசி முடித்துவிட்டோம்' என்று ஃபாக்ஸ் முடிந்தது.

கத்தரின் அதைக் குலசேகரத்தின் மேசையில் வைத்தாள்.  பக்கத்து மேசையில் ஜம்புநாதன் ஏற்கனவே கூராக இருந்த பென்சிலை மும்முரமாகச் சீவிக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் குலா, இந்தப் பாதையும் வாய்க்காலும் எங்கிருந்து வந்தன?"

"தேடிப் பார்த்துச் சொல்கிறேன்" என்றார் குலசேகரம். இந்த வயதில் வாயில் வந்த முதல் பொய்.

"வெள்ளிக்கிழமை காலை சொல்லுங்கள். உங்கள் மூன்று மாதமும் அன்றுதான் முடிகிறது. ஏதாவது ஒரு பழைய அளவைப் படத்தில் பார்த்து வரைந்தீர்கள் என்றால் கம்பனிக்குப் பிரச்சினை இல்லை. நான் அன்றே உங்கள் நிரந்தர நியமனக் கடிதத்தில் கையெழுத்திட்டுவிடுவேன்." அவள் அன்பாகத்தான் சொன்னாள். எந்தப் பதில் தேவை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டில் அருமைநாயகி அரிசிமாப் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்துவிட்டு வந்து, திரும்பவும் சமையலறைக்குள் நிற்கும் மனிசி. அவளுக்குச் சுற்றிவளைத்துப் பேச நேரம் கிடையாது. முழுக்கதையையும் கேட்டாள்.

"இதுக்குப் போய் ஏன் இந்த முழி முழிக்கிறியள்? பழைய படத்தில கிடந்தது எண்டு சொல்லுங்கோ. 1884ஆம் ஆண்டுப் படத்தை இனி ஆர் தோண்டி எடுக்கப் போகினம்?"

"அப்பிடிச் சொன்னால் அந்த மனிசி அதைக் கொண்டு கோட்டுக்குப் போகும்."

"போகட்டுமன். நல்லதுதானே. பாவம், அறுபது மாடு."

"இஞ்சாரும், உம்மடை கொப்பரும் அப்பிடித்தானே போனவர்?"

அருமைநாயகி புட்டுக்குழலை இறக்கி வைத்தாள். அவளுடைய தகப்பன் ஒரு கிணற்றில் பதினெட்டில் ஒரு பங்குக்காக இருபத்திரண்டு வருடம் வழக்காடியவர். எல்லாம் எவனோ ஒரு சேவையர் 1938இல் போட்ட புள்ளிக்கோட்டால் வந்த வினை. அது வழியா, வாய்க்காலா, அல்லது பேனா வழுக்கியதா என்பதைத் தீர்மானிக்க மூன்று நீதவான்கள் மாறினார்கள். ஒன்றுவிட்ட சகோதரர்கள் ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு ஒருவர் போகவில்லை, செத்தவீட்டுக்கும் போகவில்லை. பதினேழாவது வருடம் கிணறு உவராகிவிட்டது. வழக்கு நிற்கவில்லை. கிணறு உவர்த்ததற்கும் எதிராளிதான் காரணம் என்று புதிதாக ஒரு மனுப் போட்டார்கள்.

"அந்தக் கோட்டைப் போட்டவன் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு கிழமையில முடிஞ்சிருக்கும்" என்றார் குலசேகரம். "இப்ப அந்தக் கோட்டைப் போட்டவன் நான்."

 அருமைநாயகி அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் புட்டைக் கொட்டி, "எண்டாலும், திரும்பப் போய் அந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருக்கப் போறியளோ?" என்று கேட்டாள்.  ஐம்பத்து நாலு வயதில் அந்தக் கூட்டை நினைக்க அவருக்கு அழுகை வரும் போலிருந்தது. 

அடுத்த நாள் பின்னேரம் நாலு மணிக்கு, ஒரிகனில் காலை எட்டு மணிக்கு, மெற்றில்டா தொலைபேசியில் வந்தாள். ஜம்புநாதன்தான் எடுத்தார். எடுத்த வேகத்தில், பாம்பைக் கொடுப்பதுபோல், குலசேகரத்தின் கையில் கொடுத்துவிட்டார்.

"அந்தக் கோட்டைப் போட்டவர் நீங்களா?" கரகரத்த குரல். "நன்றி சொல்லத்தான் எடுத்தேன். பத்தொன்பது வருடமாக அந்தத் தண்ணீர் உப்புக்குள் போவதைச் சமையலறை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது மாடுகளைப் பார்க்க வேண்டும் நீங்கள். நடையே மாறிவிட்டது."

குலசேகரத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆறு வருடத்தில் அவருடைய வேலைக்கு ஒருவர் நன்றி சொல்வது இதுதான் முதல் தடவை. ஆனால் மெற்றில்டா நிறுத்தவில்லை. பட்டணத்து வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்துவிட்டாளாம். பழைய படத்தின் இலக்கத்தையும், முத்திரை குத்திய ஒரு பிரதியையும் அனுப்பினால் மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வாராம். "ஒரே ஒரு தாள்தான்" என்றாள்.

"கடிதம் அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.  அந்தப் பொய் இப்போது அவருக்கும் வேலை கொடுக்கும், அவளுக்கும் தண்ணீர் கொடுக்கும். எல்லோருக்கும் நல்லதாக இருக்கிற பொய்யை விட்டுவிட்டு ஒருவன் எதற்காக உண்மையைச் சொல்ல வேண்டும்? பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழி முழுக்க இதை யோசித்தார். யோசித்து முடிவதற்குள் இறங்க வேண்டிய தரிப்பிடமும் தாண்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை கத்தரினின் அறையில் மூன்று பேர். வரைந்தவர் என்ற முறையில் குலசேகரம், சரிபார்த்தவர் என்ற முறையில் ஜம்புநாதன். மேசையில் கடிதம் தயாராகத் தட்டச்சு செய்யப்பட்டு, கையெழுத்துக்கு இடம்விட்டு, குலசேகரத்தின் பெயரின் ஆங்கில எழுத்து அத்தனையும் பிழையில்லாமல் கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவர் சுவரைப் பார்த்தார்.

"எந்தப் படத்தில் இருந்தது, மிஸ்டர் குலா?"

"ஒரு படத்திலும் இல்லை அம்மா. இருக்க வேண்டும் என்று நினைத்தேன்."

"இருக்க வேண்டும் என்றா?"

"தண்ணீர் இருக்கிறது. மாடு இருக்கிறது. நடுவில் வழி இல்லாமல் எப்படி? அளந்தவர் மறந்துவிட்டார் என்று நினைத்துவிட்டேன்."

கத்தரின் கண்ணாடியைக் கழற்றினாள். "வாய்க்கால்?"

அப்போது ஜம்புநாதன் தொண்டையைச் செருமினார். நேராக நின்று, கத்தரினின் முகத்தைப் பார்த்து, சுத்தமான தமிழில் சொன்னார்: "வாய்க்கால் நான் போட்டது. என் கையால போட்டேன். தப்புதான். ரெண்டு பொண்ணு காலேஜ்ல படிக்குது சார், இதுக்கு மேல என்னால முடியல."

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள் கத்தரின்.

குலசேகரம் ஒரு கணம் யோசித்தார். "மிஸ்டர் ஜம்புநாதன் மிகவும் வருந்துகிறார்" என்றார். மொழிபெயர்ப்பில் அவ்வளவு பெரிய பிழை ஒன்றும் இல்லை.

கத்தரின் கடிதத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்து மூடினாள். இரண்டு கோட்டையும் அழிக்க வேண்டும், இரண்டு பண்ணைக்காரருக்கும் குலசேகரமே எழுத வேண்டும், வேலையைப் பற்றி முதலாளிமாருடன் பேசித் திங்கட்கிழமை சொல்வதாகச் சொன்னாள். லாச்சி மூடிய சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்டது.

பின்னேரம் முழுவதும் பிளேட்டின் நுனியால் கோடுகளைச் சுரண்டினார். நீலத் தாளைச் சுரண்ட ஜம்புநாதன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு குலசேகரம் மெற்றில்டாவுக்கு எழுதினார்: பழைய படம் என்று ஒன்று இல்லை, கோடுகள் எங்களுடைய பிழை, நீங்கள் அதை நம்பி வேலியை வெட்டியதற்கு நானே பொறுப்பு, தயவுசெய்து கோட்டுக்குப் போக வேண்டாம், அது ஆயுளைத் தின்றுவிடும், என் குடும்பத்தில் பார்த்திருக்கிறேன். அதன் பிரதி ஒன்றை ஹார்லனுக்கும் போட்டார். ஃபாக்ஸ் இயந்திரம் தாளை இழுத்துக்கொண்டு போனபோது, கொடுத்த தண்ணீரை அவளுடைய கையிலிருந்து தட்டிப் பறித்ததுபோல் இருந்தது. தான் செய்தது சரி என்பது அவருக்குத் தெரியும். சரியாகச் செய்தவருக்கு இவ்வளவு வெட்கம் ஏன் வரவேண்டும் என்பதுதான் விளங்கவில்லை.

திங்கட்கிழமை அவர் மேசைக்கு வர முன்னரே ஹார்லனின் ஃபாக்ஸ் வந்திருந்தது. இந்த முறை ஒரு பக்கம்தான். எழுத்தும் கட்டத்துக்குள் நின்றது. லண்டன் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு மெற்றில்டா அவருடைய வாசலுக்கு வந்தாளாம். பத்தொன்பது வருடத்தில் அவள் அந்தக் கதவைத் தட்டியது அதுதான் முதல் தரம். உரிமை ஒன்றும் இல்லை, தண்ணீரை மாடுகளுக்குத் தருவாயா என்று கேட்டாளாம். 'இதை முன்னரே கேட்டிருக்கலாம். நானும் கொடுத்திருக்கலாம். இருவரும் மற்றவர் வாய் திறக்கட்டும் என்று இருந்துவிட்டோம். வாய்க்கால் தரமுடியாது, என் தகப்பன் கல்லறையிலிருந்து எழும்பி வருவார். ஆனால் அறுபது மாடு பதினாறு நாள் நடந்ததில் அங்கே இப்போது ஆகாய விமானத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற பாதை ஒன்று விழுந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் வேலி கட்ட எனக்கு ஆள் இல்லை. வேலி வெட்டிய இடத்தில் ஒரு கேற்றுப் போட்டிருக்கிறேன். உங்கள் படத்தில் பாதை இல்லாவிட்டால் படம் பிழை.'

கத்தரின் அதை இரண்டு தரம் சத்தமாக வாசித்தாள். பிறகு, "இப்போது அது இருக்கிறது. ஆகவே வரையுங்கள்" என்றாள்.

வெள்ளிக்கிழமை சுரண்டி எடுத்த அதே இடத்தில், சுரண்டிய தழும்பின் மேலேயே, குலசேகரம் அதே புள்ளிக்கோட்டைப் போட்டார். வேலியை வெட்டும் இடத்தில் கேற்றுக்கு ஒரு சின்னக் குறி. ஜம்புநாதன் பூதக்கண்ணாடியோடு பத்து நிமிடம் பார்த்தார். நீலப் பேனாவைக் கையில் எடுக்கவே இல்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு, "சார், மத்தியானம் சாப்பாடு என்னோடது" என்றார். அவரால் முடிந்தது அது.

மாலை ஐந்து மணிக்குக் கத்தரின் கூப்பிட்டாள். "முதலாளிமாரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். நீங்கள் பொய் சொல்லியிருந்தால் வெள்ளிக்கிழமையே நிரந்தரம். அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். இன்னும் மூன்று மாதம் பார்ப்போம் என்கிறார்கள்." அவளுக்கும் அதில் வெட்கம் இருந்தது, பேசும்போது மேசையில் இருந்த அழிறப்பரைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "நான் கேட்டுப் பார்த்தேன், மிஸ்டர் குலா."

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே குலசேகரம் கதையைச் சொன்னார். மெற்றில்டா கதவைத் தட்டிய இடத்தைச் சொல்லும்போது அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. மாடுகளின் நடையையும் சொன்னார். அருமைநாயகி சோற்றைப் போட்டுக் கோப்பையை நீட்டினாள்.

"அந்த மனிசிக்குப் பாதை கிடைச்சிட்டுது. உங்களுக்கு?"

"எனக்கு மூண்டு மாதம்."

"மூண்டு மாதத்துக்குப் பிறகு?"

"அவையள் பாத்துச் சொல்லுவினம்."

அவள் கறிச்சட்டியை மூடினாள். மூடியபடி கேட்டாள்: "அவன் கேற்றுப் போட்டான் எண்டு துள்ளுறியள். அந்தக் கேற்றுக்குப் பூட்டு இருக்கோ? இருந்தால் திறப்பு ஆரிட்டை?"

குலசேகரம் கையில் எடுத்த சோற்றைத் திரும்பக் கோப்பையில் வைத்தார்.

"அதைக் கேக்கேல்லை" என்றார்.